தண்ணீருக்குள் இருப்பவனுக்கு ஞானஸ்நானம்

சபையில் எல்லாரும் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ராக்கெட் அக்கா. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரித்துவிட்டு, அவள் திரும்பினால் "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்று பல்லைக் காட்டுவார்கள். காட்டுகிற பல்லில் பாதி அவள் செய்து கொடுத்தது என்பதுதான் வேடிக்கை! பல் செட் செய்கிற கூடத்தில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகால் ஈறு கட்டி, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் மெஷினில் பிடித்து மெருகேற்ற வேண்டும். நாள் முழுக்க மூக்கிலும் முடியிலும் வெள்ளைத் தூள். அந்தத் தூளோடு வீட்டுக்கு வந்து, அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து விண்வெளிக் கதை எழுதுகிற பொம்பளையை ஊர் வேறு என்னவென்று கூப்பிடும்?

அவள் எழுதியது ஒரே ஒரு கதை. எங்கேயோ தூரத்தில் ஒரு கிரகம், தரையே கிடையாது, முழுக்கக் கடல். அங்கே ஒரு மிஷனெரி போகிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, செவுள் வைத்த ஜனங்களுக்குச் சுவிசேஷம் சொல்கிறார். அவர்களும் ஆசை ஆசையாகக் கேட்கிறார்கள், கேள்வி மேல் கேள்வி போடுகிறார்கள். கூண்டுக்குக் காற்று வரும் குழாயில் பாசி அடைத்தால் முறை போட்டுக்கொண்டு எடுக்கிறார்கள். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூண்டைச் சுற்றி நின்று காவல் காக்கிறார்கள். ஆனால் மனம் திரும்புகிறார்களா என்றால், அதுதான் இல்லை. கதை முடிகிறவரை ஒருத்தர்கூட இல்லை. மிஷனெரி அவர்களோடேயே இருந்துவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

எதற்காக இப்படி எழுதினாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் வீட்டுக்காரருக்காகத்தான். அவர் மிஷனெரியாக இருந்தவர். மலைக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத இடங்களில், இளமை மொத்தத்தையும் கொட்டிவிட்டு வந்தவர். அந்த ஜனங்கள் அவருக்குச் சாப்பாடு போட்டார்கள், காய்ச்சலில் கிடந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள், அவர் சொல்லிக்கொடுத்த பாட்டையெல்லாம் ராகம் பிசகாமல் பாடினார்கள். ஞானஸ்நானத்துக்கு மட்டும் ஒருத்தரும் வரவில்லை. அவரை அனுப்பிவைத்த மிஷனெரி சங்கம் பார்த்துப் பார்த்து அவரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. இப்போது ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன்.

வருஷா வருஷம் மிஷனெரி ஞாயிறு அன்று, ஊழியத்துக்குப் போய்வந்தவர்களை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பார்கள். இவரை மட்டும் கூப்பிட மாட்டார்கள். இவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஊரார் சாட்சிக்கெல்லாம் கை தட்டுவார். பார்க்கிறவளுக்கு வயிறு எரியுமா எரியாதா? ஒருத்தரும் வராவிட்டாலும் அவர் ஊழியம் ஊழியம்தான் என்று சபை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், சபைப் பத்திரிகையில் கதை அச்சாக வேண்டும், அதை அவர் கையில் கொடுக்க வேண்டும். அவளுடைய ஆசை இவ்வளவுதான். அதுவரை அவரிடம் மூச்சு விடவில்லை. என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், "சும்மா கிறுக்குறேங்க" என்பாள்.

பத்திரிகைக்கு ஒரு கமிட்டி உண்டு. கமிட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடர்கதை எதுவானாலும் கடைசி அத்தியாயத்துக்குள் ஓர் ஆத்துமாவாவது இரட்சிக்கப்பட்டாக வேண்டும். துப்பறியும் கதை என்றால் திருடன் மனம் திரும்புவான், குடும்பக் கதை என்றால் மாமியார் மனம் திரும்புவாள். விண்வெளிக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பார்களா?

"அருமையா எழுதியிருக்கீங்க சிஸ்டர்" என்று ஆரம்பித்தார் போதகர். அவர்தான் பத்திரிகை ஆசிரியர். "கடைசில ஒரு ஞானஸ்நானம் மட்டும் வெச்சிடுங்க, அடுத்த மாசமே போட்டுடலாம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் கமிட்டித் தலைவர் குறுக்கே விழுந்தார். அவர் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். "ஐயா, ஏற்கனவே தண்ணிக்குள்ள இருக்கிறவனுக்கு எப்படி ஞானஸ்நானம் கொடுப்பீங்க?"

"வெளிய எடுத்துத் திரும்ப முக்க வேண்டியதுதான் சார்."

"வெளிய எடுத்தா மூச்சு முட்டிச் செத்துப்போவான். மூணாவது அத்தியாயத்துல எழுதியிருக்கே, படிக்கலையா? தலையில தெளிச்சாப் போதும்னு நான் அப்பவே சொல்றேன்."

"கடலுக்குள்ள எதைத் தெளிப்பீங்க?"

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததே அதில்தான். அடுத்த மாதமும் அதே பேச்சு, அதற்கடுத்த மாதமும் அதே. முழுக்கா தெளிப்பா என்று சபையில் பரம்பரையாக நடக்கிற சண்டை, இப்போது வேற்றுக் கிரகம் வரைக்கும் போய்விட்டது. முழுக்குக்காரர்கள் ஒரு பக்கம், தெளிப்புக்காரர்கள் ஒரு பக்கம். தலைமேல் காற்றை ஊதினால் செல்லுமா என்றுகூட ஒரு புண்ணியவான் கேட்டார். எழுதினவள் ஒருத்தி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளை ஒரு வார்த்தை கேட்போம் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! "சார், அவங்க யாரும் வரலங்கிறதுதான் கதையே" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "அது இருக்கட்டும்மா" என்று கையமர்த்திவிட்டு ஹெட்மாஸ்டர் மறுபடி தெளிக்கப் போய்விட்டார்.

வெறுத்துப்போய் வெளியே ஒரு விஞ்ஞானப் பத்திரிகைக்கு அனுப்பினாள். கடலும் கூண்டும் பிரமாதம், மிஷனெரிக்குப் பதிலாக ஒரு விஞ்ஞானியைப் போட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அங்கே இயேசு இருந்தால் கூடாது, இங்கே ஞானஸ்நானம் இல்லாவிட்டால் கூடாது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது அவளுக்கு. அன்றைக்கு ஒரு செட்டில் கடைவாய்ப்பல்லை முன்னால் பதித்துவிட்டு மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

கடைசியில் போதகர் ஒரு முடிவுக்கு வந்தார். முழுக்கோ தெளிப்போ, எப்படி என்று விவரமாக எழுத வேண்டாம்; "ஞானஸ்நானம் பெற்றான்" என்று ஒரே வரி போதும். வரும் கூட்டத்துக்குள் எழுதிக் கொடுத்தால் அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் கதை திரும்பி வரும்.

"ஒரு வரிதானே சிஸ்டர்?"

"அந்த ஒரு வரிதான் ஐயா முடியாது" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள்.

போதகர் கெட்டவர் இல்லை. நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, கதையைக் கட்டோடு எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார். "நீங்க எடுத்துச் சொன்னா கேப்பாங்க பிரதர்" என்று வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பாழாய்ப்போன நல்லது!

அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது, அவர் கடைசித் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்குப் பகீரென்றது.

"போதகர் கொடுத்தார்" என்றார்.

"நான் மாத்த மாட்டேங்க. செத்தாலும் மாத்த மாட்டேன். உங்களைத் தூது விட்டாங்களாக்கும்?"

அவர் தாளின்மேல் விரலை வைத்தார். "கூண்டுக்குள்ள இருக்கிறது நான்தானே?"

"ஆமா."

"காவல் நின்னதெல்லாம் அப்படியே எழுதியிருக்க. என்னைத் தூக்கிட்டுப் போனவங்க ஞாபகம் வந்துடுச்சு." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "ஏம்மா, இதை எழுதினது நீதானே? யார் வரணும், யார் வரக்கூடாதுன்னு எல்லாம் உன் கையிலதானே இருந்துச்சு?"

"அதுக்கென்ன?"

"அங்கதான் யாரும் வரல. இதுலயாவது ஒருத்தனை அனுப்பியிருக்கலாம்ல?"

இத்தனை மாதம் கமிட்டியில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு அப்போதுதான் வெடித்தது. "உங்களுக்காகத்தானேங்க எழுதினேன்! நீங்க தோத்துட்டு வரலன்னு இவங்களுக்கெல்லாம் சொல்லணும்னுதானே எழுதினேன்!"

"தெரியும்மா. அதனாலதான் உன்கிட்ட கேக்குறேன்" என்றார் அவர். "ஒரே ஒருத்தன் போதும்."