அண்ணாந்து பார்த்த காவலர்

லண்டனில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலவறையில் நவீன ஓவியக் கண்காட்சி நடந்தது. காவலுக்கு நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, அளவுக்குப் பெரிய கறுப்பு கோட். அடியில் சுரங்க ரயில் ஓடித் தரை அதிரும்போதெல்லாம் அவர் சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்தார். அங்கேயும் ஏதோ படைப்பு இருக்கிறதென்று எண்ணிப் பார்வையாளர்களும் அண்ணாந்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார்.

"ரயில் கீழதானே போகுது, அண்ணை?" என்றேன்.

"ஓம் தங்கச்சி, எனக்கும் தெரியும். சண்டை நேரம் மேலயிருந்து குண்டு விழேக்க பங்கர்க் குழிக்குள்ள இருந்த ஆக்கள் நாங்கள். நிலம் அதிர்ந்தா கண் தன்ரபாட்டில மேல போகுது" என்று கூச்சத்துடன் சிரித்தார்.

அடுத்த ரயில் வந்தபோது நானும் அவரோடு அண்ணாந்தேன். அன்று பார்த்த ஓவியங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. அந்த வெறுங்கூரையைத்தான் மறக்க முடியவில்லை.