ஒளிந்திருந்ததைக் காட்டிய வேதநாராயணன்

என் மருமகள் வசந்திக்கு முதலில் ஈறுகளில்தான் ரத்தம் கசிந்தது. பிறகு கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள். பிறகு விடாத காய்ச்சல். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜையைக் குத்தி எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. என் மகன் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பிச்சாட்டூர் வீட்டில் அவளுக்குத் துணை நான் ஒருவன்தான். கரும்பு எடைமேடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிழவன்.

முதல் சிகிச்சையில் நோய் போய்விட்டது என்று நினைத்தோம். நான்கே மாதத்தில் திரும்பி வந்தது. அன்று நான் உடைந்துபோனேன்.

பார்க்க வந்தவர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பதினேழு பேர் வந்தார்கள், எண்ணினேன். ஆறுதல் சொன்னவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் காரணம் சொன்னார்கள். செல்போன் கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போனதால் வந்த நோயாம். ஜாதகத்திலேயே இருந்ததாம். படுத்திருப்பவள் காதில் விழும்படி பேசினார்கள். இவர்களுக்கு நாக்கில் எலும்பில்லை என்றால் நெஞ்சிலுமா ஒன்றுமில்லை?

அந்தக் கோபத்தோடுதான் நாகலாபுரம் கோயிலுக்குப் போனேன். வேண்டிக்கொள்ளப் போனேன் என்று எழுதினால் பொய். சண்டை போடப் போனேன். வேதநாராயண சுவாமி முன்னால் நின்று மனதுக்குள் கேட்டேன்: "வேதத்தைத் திருடிக்கொண்டு சோமுகாசுரன் கடலில் ஒளிந்தபோது மீனாகப் போய்த் தேடினாயே! வேதத்துக்காகக் கடலில் இறங்கினவனுக்கு இந்தப் பெண்ணின் ரத்தத்தில் இறங்க முடியாதா? அங்கே ஒளிந்திருக்கிறவன் உன் கண்ணில் படவில்லையா?" அர்ச்சனைகூடச் செய்யாமல் திரும்பினேன்.

அந்த வாரமே திருப்பதி ஆஸ்பத்திரி டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். நோய் அணுக்கள் உடம்பின் காவல் அணுக்களுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்கின்றனவாம். நோய் அணுவையே குறிவைக்கும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்று அது சாகாமல் தப்பிக்கும் வழியை அடைக்கும், மற்றது அதன் மறைப்பை விலக்கும். பிறகு உடம்பே அதை அடையாளம் கண்டு அடிக்கக்கூடும்.

"ஒண்ணு மட்டும்னா அது தப்பிச்சிக்கும், பெரியவரே. ரெண்டும் சேரணும். ஆனா கேரண்டின்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

நான் சந்நிதியில் கேட்ட கேள்விக்கு அல்லவா இவர் பதில் சொல்கிறார்!

அந்த மருந்துகளின் இரண்டாவது சுற்றில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வசந்திக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நான் கார் தேடப் புறப்பட்டபோது நம் பஜனைக் கூடத்தின் மூத்தவர் குப்பண்ணா வந்து வாசலை மறித்தார்.

"ரெண்டு மருந்தும் உள்ள சண்ட போட்டுக்கினு கீது. ஒண்ண நிறுத்திட்டு மஞ்சத் துணியில காசு முடிஞ்சி வையி. நாளைக்கி சனிக்கெழம, நானே தீர்த்தம் கொண்டாறேன். அதுவரைக்கும் எங்கயும் இட்டுக்கினு போவாத."

போர்வைக்குள்ளிருந்து வசந்தி கேட்டாள்: "மாமா, இவரு சக்கரைக்கி எத்தினி மாத்திர போடறாரு?"

"மூணு" என்றேன்.

"ரெண்ட வுட்டுட்டு வரச் சொல்லுங்க. அப்புறம் நான் ஒண்ண வுடறேன்."

"சாவக் கெடக்கும்போதும் வாய் கொறையல பாரு" என்றார் குப்பண்ணா.

நாற்பது வருடச் சிநேகிதம். "வழிய வுடுய்யா" என்றேன். கார் பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. காலை வரை வைத்திருந்தால் கைமீறியிருக்கும் என்றார் டாக்டரம்மா. காய்ச்சல் இறங்கியபின், சில நாள் பொறுத்து, இரண்டு மருந்தையும் அவரே மறுபடி தொடங்கினார்.

நான்காவது சுற்று முடிந்ததும் மீண்டும் மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். நோய் அணு எதுவும் தென்படவில்லை. இன்னும் கண்காணிக்க வேண்டும், உண்மைதான். ஆனால் வசந்தி தன் காலால் நடந்து நாகலாபுரம் சந்நிதிக்கு வந்தாள். நான் சண்டைக்காரனாகப் போன இடத்தில் நின்று அழுதேன். கணக்கெழுதிய காலத்திலிருந்து பிராகாரத்தில் சுற்றுகளை எண்ணும் என் பழக்கம் அன்றோடு போயிற்று.

இதைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் போன ஏகாதசியன்று பஜனைக் கூடத்தில் குப்பண்ணா மைக் பிடித்து, "வசந்திய காப்பாத்தினது தீர்த்தந்தான், மருந்து இல்ல" என்று பேசியதைக் கேட்டேன். அந்தத் தீர்த்தம் எங்கள் வாசலுக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு சொட்டுகூட அவள் நாக்கில் படவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு இன்னொருத்தி மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? என் சாமிக்குப் பொய்ச்சாட்சி வேண்டாம். அந்த இரண்டு மருந்தையும் சேர்க்கும் அறிவை மனிதருக்குக் கொடுத்தவர் அவர்தான் என்று நான் நம்புகிறேன். அவர் புகழுக்கு அது போதாதா?

உங்கள் வீட்டிலும் நோய் இருந்தால் அவரை நம்புங்கள். கெஞ்சுங்கள், திட்டுங்கள், அவர் தாங்குவார். ஆனால் காய்ச்சல் கண்டால் முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். சாமியை வண்டியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடலாம். அன்றிரவு திருப்பதி போகும் வழியில் புத்தூர் தாண்டும்போது, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, நான் அப்படித்தான் கூப்பிட்டேன். கேட்டார்.