புகைக்குத்தான் என்று வாங்கிப் போனது

சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள பத்துப் பன்னிரண்டு ஊர்களில் மாடு பருவத்துக்கு வந்து கத்தினால், ஜனங்கள் முதலில் அழைத்தது கமலவேணியைத்தான். பால் சங்கத்தில் சினை ஊசி போடுகிற வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் நைட்ரஜன் கேனை நிறுத்தி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினால், வழியில் பார்க்கிறவர்கள் "ஊசிக்காரம்மா போறாங்க" என்பார்கள். ஆரம்பத்தில் பொம்பளைக்கு இதென்ன வேலை என்று சிரித்தவர்களின் தொழுவத்தில்தான் இப்போது அவள் ஊசி போட்டுப் பிறந்த கிடாரிகள் நின்றன.

கேனுக்குள் காளை விந்தை அடைத்த மெல்லிய குச்சிகள் திரவ நைட்ரஜனில் மூழ்கிக் கிடக்கும். பார்வைக்குத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஆனால் பனிக்கட்டியெல்லாம் அதற்குப் பக்கத்தில் வெந்நீர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், அவசரத்தில் கையுறை போடாமல் குச்சியை எடுக்கப்போய், அவளுடைய இடது கை விரல் நுனி வெந்தது போலக் கொப்பளித்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கேனைப் பாம்புப் பெட்டியைப் போலத்தான் கையாண்டாள்.

அறிவு அவளுடைய ஒரே தம்பி. அவளைவிடப் பத்து வயது இளையவன். அப்பா இறந்தபோது அவனுக்கு எட்டு வயது. அம்மா செல்லியம்மாள் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போக, அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதும், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் கமலவேணிதான். லாரி ஓட்டுகிற வேலுமணிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும்போதுகூட, "தம்பி அடிக்கடி நம்ம ஊட்டுக்கு வருவானுங்க, ஒண்ணும் நெனைச்சுக்கக் கூடாது" என்றுதான் புருஷனிடம் முதலில் பேசினாள்.

அறிவு நாமக்கல்லில் கல்யாண மேடை அலங்காரம் செய்துகொண்டிருந்தான். போன வருஷம் ஐப்பசியில் ஒருநாள் காலை, சின்னதாக ஒரு புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஒரு ரெண்டு லிட்டர் நைட்ரஜன் வேணும். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு நடந்து வாறப்ப கீழ புகை விடோணும்."

"அதுக்குத்தான் ஏதோ ஐஸ் போடுவாங்களேடா."

"அது சேலத்துல இருந்து வரோணும்க்கா. வந்து சேர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிருது. புகைக்குத்தான், வேற எதுக்கும் இல்ல."

சங்கத்துப் பொருளை வெளியே கொடுப்பது தப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினாள். கேட்டது தம்பி. ஊற்றும்போது சொன்னாள், அவன் மறந்துவிடுவான் என்று பிறகு போனில் பேசிப் பதிவு செய்தும் அனுப்பினாள்: மூடியை இறுக்காதே, அடைத்த காருக்குள் வைக்காதே, கையில் படவிடாதே, பிள்ளைகளைக் கிட்டே விடாதே. "வாயிக்கிட்டயே கொண்டு போயிரக் கூடாது சாமி. உள்ள போச்சுன்னா வயிறு வெடிச்சிரும்." அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினான். அதற்குப் பிறகு இன்னும் மூன்று முறை வந்து வாங்கிப் போனான்.

தை மாதத்தில், செல்லாயியின் கொழுந்தன் மகளுக்கு நாமக்கல்லில் ஒரு மண்டபத்தில் வரவேற்பு. செல்லாயி மூன்று மாடு வைத்துக் கறந்து, தன் மகள் தனப்பிரியாவைக் கல்லூரியில் படிக்கவைப்பவள். அவள் வீட்டு மாடுகள் அத்தனைக்கும் கமலவேணிதான் ஊசி. கூப்பிட்ட மரியாதைக்கு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பொழுது சாயும் நேரத்தில் போய் இறங்கினாள்.

மண்டப வாசலில் பந்தல் போட்டு ஒரு மேஜை. அதைச் சுற்றி இளசுகள் கூட்டம். கண்ணாடி டம்ளர்களில் நீலமும் சிவப்புமாக ஜூஸ். ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளைப் புகை வழிந்து மேஜையில் இறங்கியது. குடித்தவர்கள் மூக்கால் புகைவிட்டு, அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேஜை விரிப்புக்கு அடியில் பாதி மறைந்தபடி அந்தச் சின்னக் கேன் இருந்தது. அறிவு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதிலிருந்து கரண்டியால் மொண்டு மொண்டு டம்ளர்களில் ஊற்றினான். கூட்டம் நெருக்கியதால், ஊற்றிய கையோடு எடுத்து நீட்டினான்.

கமலவேணி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். "குடிக்காதீங்க, கீழ வையுங்க" என்று அவள் சொன்னது பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. தனப்பிரியா தோழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே டம்ளரை ஒரே மடக்கில் கவிழ்த்தாள். மேலே மிதந்த நைட்ரஜன் இன்னும் ஆவியாகி அடங்கவே இல்லை. அப்படியே உள்ளே இறங்கிவிட்டது.

வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் புகை வந்தது. சிலர் கைதட்டினார்கள். அடுத்த நிமிஷம் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள். கண்ணெதிரிலேயே வயிறு உப்பிக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸில் செல்லாயியோடு கமலவேணியும் ஏறினாள். சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டது என்று கேட்டதும், அவள்தான் முந்திக்கொண்டு சொன்னாள். "மாட்டு ஊசிக் கேன்ல இருக்கிற நைட்ரஜனுங்க. ஆவியாகறதுக்கு முன்னால குடிச்சிருச்சு. என்ற கேன்ல இருந்து போனதுதானுங்க." செல்லாயி திரும்பி அவளைப் பார்த்தாள்.

டம்ளரில் ஆவியாகாமல் நின்ற இத்தனூண்டு திரவம் வயிற்றுச் சூட்டில் குடம் குடமாக வாயுவாகி, போக வழியில்லாமல் இரைப்பையைக் கிழித்துவிட்டது என்றார் டாக்டர். இன்னதென்று உடனே தெரிந்ததால் நேரம் வீணாகவில்லை என்றும் சொன்னார். அறுவை சிகிச்சையில் இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். தனப்பிரியா பிழைத்தாள்.

மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து கமலவேணியை அழைத்தார்கள். அறிவு கொடுத்த வாக்குமூலத்தை இன்ஸ்பெக்டர் அவள் முன்னால் வைத்தார்.

"நீங்களே படிச்சுப் பாருங்கம்மா."

'எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் அக்காதான் பழக்கப்பட்டவர். ஜூஸில் கலந்து கொடுத்தால் நன்றாக ஓடும், குடித்தால் ஒன்றும் ஆகாது என்று அவர்தான் யோசனை சொல்லிக் கொடுத்தனுப்பினார்.' கீழே அறிவின் கையெழுத்து. எழுத்துக்கூட்டி எழுத அவள் பழக்கிவிட்ட கை. இரண்டாவது முறை படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் மாறவில்லை.

"நாளைக்கு வாரேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் அம்மா செல்லியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகனோடு இருக்கிறவள், மகளைப் பார்க்கக் கடைசியாக வந்து ஆறு மாதம் இருக்கும்.

"கமலா, நீதான் சொன்னேன்னு ஒத்துக்க சாமி. பொம்பளைன்னு பார்த்து விட்டுருவாங்க. அவனுக்குக் கைக்கொழந்தை இருக்குது."

"அவன் எழுதிக் குடுத்தது உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னாராம்" என்றாள் செல்லியம்மாள்.

கமலவேணி எழுந்துபோய் அம்மாவுக்குச் சோறு போட்டு வைத்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரில் உட்காரவில்லை. பின்வாசலில் நின்று வேலுமணிக்குப் போன் செய்தாள். அவன் நாக்பூர் பக்கம் லாரியில் இருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "நடந்ததை நடந்த மாதிரி சொல்லிரு" என்றான். "உன்ற தப்பையும் சேர்த்துச் சொல்லு. அப்பத்தான் மத்தது நிக்கும்."

மறுநாள் காவல் நிலையத்தில் அப்படியே சொன்னாள். சங்கத்துப் பொருளை நான்கு முறை எடுத்துக் கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போனில் இருந்த தன் பேச்சை இன்ஸ்பெக்டருக்குப் போட்டுக் காட்டினாள். 'வயிறு வெடிச்சிரும்' என்கிற இடம் வந்தபோது, எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர் தலைதூக்கிப் பார்த்தார்.

சங்கம் அவளை வேலையிலிருந்து நீக்கியது. அது நியாயம்தான் என்று அவளே சொன்னாள். ஆனால் விடியற்காலையில் எங்காவது மாடு கத்தினால், எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இப்போது ஒரு முட்டைப் பண்ணையில் வேலை. அறிவு பதினெட்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது.

தனப்பிரியா ஒரு வருஷம் படிப்பை விட்டுவிட்டாள். ஒரு வேளைச் சோற்றை ஆறாகப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். கமலவேணி இரண்டு முறை பார்க்கப் போனாள். பெண் பேசினாள். செல்லாயி தொழுவத்திலிருந்து வெளியே வரவில்லை.

ஆவணியில் கமலவேணியின் மகள் தமிழினிக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கமலவேணி தன் பெரியப்பா மகன் சந்திரசேகரைத் தாய்மாமன் முறைக்குச் சபையில் உட்காரச் சொல்லியிருந்தாள். சொல்லி அனுப்பாமலே அறிவு வந்தான். சீர்த்தட்டோடு வேலிப் படலுக்கு வெளியே நின்றான். கமலவேணி வெளியே போனாள்.

"பயந்துட்டேன்க்கா. பயத்துல அப்படி எழுதிட்டேன்."

"போலீசுக்குப் பயந்து பொய் சொன்னே, சரி. புகைக்குன்னு கேன் வாங்க வந்தியே, அன்னைக்கு உனக்கு என்ன பயம்? நாலு தடவை என்ற மூஞ்சியப் பார்த்துச் சொன்னயேடா."

அவன் தட்டை நீட்டினான். அவள் கையை நீட்டவில்லை.

"வெயில்ல நிக்காத, போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். உள்ளே, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பந்தியில் இலை போட ஆரம்பித்திருந்தார்கள். தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு முதல் இலையிலிருந்து தெளித்துக்கொண்டே போனாள்.