சூரியன் நகர்த்திய எல்லை

நில அளவையர் வேலையில் என்னிடம் தேய்ந்தவை இரண்டு: முழங்கால், தன்மானம். ஒரு கோடையில் கரியாலூருக்கு மேலே மலையில் இரண்டும் ஒரே நாளில் தேய்ந்தன.

காட்டு எல்லையை ஒட்டி ஒரு புருஷன் பெண்சாதிக்கு மரவள்ளி நிலம். பட்டாவுக்காக அளக்கப் போயிருந்தேன். அளவுச் சங்கிலி சுமந்த காலம் போய், கம்பின் உச்சியில் பொருத்திய, செயற்கைக்கோளைக் கேட்டு இடம் சொல்லும் கருவி வந்திருந்தது. விரற்கடை பிசகாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான்தான். வண்டி போகாத பாதையில் ஏறி நாக்கு தள்ளியிருந்தது. துல்லியம் போதவில்லை என்று கருவியில் எச்சரிக்கை மின்னியது. எனக்கும்தான் தெம்பு போதவில்லை, நான் வேலை செய்யவில்லையா என்று அது காட்டிய இடத்தில் முளை அடித்தேன். அவர்கள் தங்கள் கையால் வெட்டிய கிணறு காட்டுப் பக்கம் போய்விட்டது.

புருஷன் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மாதான் பேசினார்.

"சார், நீங்க அடிச்ச முளை மேலயே அந்தக் கம்ப இன்னொரு வாட்டி வையுங்க."

வைத்தேன். அரை மணிக்கு முன் நானே அடித்த முளை ஆறடி தள்ளி இருப்பதாகக் கருவி சொன்னது. மறுபடி வைத்தேன், வேறு பக்கம் போயிருந்தது.

"முளை நடக்குதா சார்? நீங்க ஏறி வந்தத விட வேகமாப் போவுது."

பாறை மேல் ஏறி, டவர் கிடைத்ததும் அலுவலக நண்பரைக் கேட்டேன். இரண்டு நாள் முன்பு சூரியன் கக்கிய, காந்தப்புலம் சுமந்த மின்துகள் மேகம் பூமியில் மோதியிருக்கிறதாம். அதற்கு முன்னாலேயே, கக்கிய சில மணி நேரத்தில், இன்னும் வேகமான துகள்கள் வந்து சேர்ந்துவிட்டனவாம். மேல்வானம் கலங்கினால் செயற்கைக்கோளின் சமிக்ஞை தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கருவி தூரம் என்று நினைத்துக்கொள்ளும்.

இதை விளக்கினேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டார்.

"சூரியன் மேல பழி போடாதீங்க சார். முளை அடிச்சது நீங்க. அடுத்த தடவ சங்கிலி எடுத்துக்கினு வாங்க."

முளையைப் பிடுங்குவது அடித்ததை விடச் சிரமமாக இருந்தது. நான் போட்ட வரைபடத்தின் குறுக்கே 'ரத்து' என்று எழுதிவிட்டு இறங்கினேன்.

நாலு நாளில் அந்தச் சூரியப் புயல் ஓய்ந்தது. இனிக் கருவியே போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துருப்பிடித்த சங்கிலியைத் தோளில் போட்டு மறுபடி ஏறினேன். பழைய எல்லைக் கல்லில் ஒரு முனையை அந்தம்மா பிடித்தார், மறுமுனையை நான் இழுத்தேன். கிணறு அவர்கள் நிலத்துக்குள் மூன்றடி உள்ளே இருந்தது. கருவியையும் வைத்துப் பார்த்தேன். அதுவும் அதையே சொன்னது.

"இப்பதான் புத்தி வந்துதா?" என்று புருஷன் முதல் தடவையாக வாய் திறந்தார்.

கருவியைத்தான் கேட்டார் என்று நம்பி இறங்கினேன்.