பகல் தூக்கத்துக்கு ஒரு கணினி

கட்டடக்காரி என்றால் அந்தக் குடியிருப்பில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அவள் ஒரு செங்கல்லைக்கூடக் கையால் தொட்டதில்லை. இன்னும் எழும்பாத வீடுகளை, எழும்பி வெயில் விழுந்து நிற்பது போலக் கணினியில் படமாக்கித் தருவது அவள் வேலை. சுவரும் கூரையும் வரைவது அவள் பாடு; அதன்மேல் வெயிலும் நிழலும் ஏற்றுவது கணினியின் பாடு. வினையே அங்கேதான். வெயில் ஏற்றி முடிக்கும்வரை, மேசைக்குக் கீழே இருந்த பழைய பெட்டி போடும் கூச்சல் இருக்கிறதே, மாவு மில்லே தோற்றுவிடும்.

வீடு என்று இருப்பது ஒரே அறை. அவள் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் கட்டிலில்தான், இரவுப் பேருந்து ஓட்டிவிட்டு வரும் கணவர் பகலில் தூங்க வேண்டும். கேட்டால், எனக்கென்ன, கட்டையைச் சாய்த்தால் தூங்கிவிடுவேன் என்பார். சொன்னபடி கண்ணை மூடிப் படுத்தும் கிடப்பார். இவளும் அதை நம்பி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்டக்டர்தான் குட்டை உடைத்தார். கடைத்தெருவில் எதிர்ப்பட்டவர், சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் மென்று முழுங்கினார்.

"அண்ணன்கிட்ட நான் சொன்னதா சொல்லாதீங்க அண்ணி. விடியக்காலைல ஸ்டியரிங்கப் புடிச்சபடியே கண்ணு சொருகிட்டாரு. நான் தோளப் புடிச்சு உலுக்கலைன்னா வண்டி பாலத்துச் சுவத்துலதான்."

வண்டி நிறைய ஆட்கள், அத்தனை பேரும் ஓட்டுகிறவரை நம்பித் தூங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். யார் சொன்னது என்று காட்டிக்கொள்ளாமல் வீட்டில் விசாரித்தாள். மனிதர் முதலில் மழுப்பினார். பிறகு, சத்தம் என்று சொன்னால் நீ வேலையை விட்டுவிடுவாய் என்று தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனாரோ ஃபோனிலேயே தீர்ப்பு எழுதிவிட்டாள்: இவள் வேலையை விட்டால் என்ன குடியா முழுகிப்போகும்? எப்படி இருக்கிறது நியாயம்! வேலையையும் விடமாட்டேன், அவர் தூக்கத்தையும் கெடுக்கமாட்டேன் என்று கட்டடக்காரி ஒற்றைக்காலில் நின்றாள். சத்தம் போடாமல் யானை மாதிரி வேலை இழுக்கும் கணினி ஒன்றைத் தானே பார்த்துப் பார்த்து வாங்கிப் பூட்டுவது என்று முடிவு. அதுவரைக்கும் பழைய பெட்டியை அவர் எழுந்த பிறகே ஓட்டினாள். படங்கள் தேங்கின, வேலை கொடுத்த முதலாளி முறுக்கிக்கொண்டார்.

கணினிக் கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் விளக்குப் பைத்தியம். கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கலர் கலராக மினுக்கிக் காட்டினார். நான் பார்க்கப்போவது படத்தை, பெட்டியை அல்ல என்று சொல்லிவிட்டு இவள் நகர்ந்தாள். எது சுற்றுகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, அதுதான் இவள் கவலை. சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றிக் கீச்சிடும். பெரியது மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும். அதனால் எல்லாம் பெரிய ஃபேனாகவே பொறுக்கினாள். பிராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளச் செங்கல் பருமனுக்கு ஒரு ஹீட்சிங்க். சுற்றுகிற ஹார்டு டிஸ்க் வேண்டவே வேண்டாம், எதுவுமே சுற்றாத எஸ்எஸ்டி போதும். பவர் சப்ளை மட்டும் தேவைக்கு மேலேயே பெரிதாக. பாதிப் பாரத்தில் ஓடினால் அதன் ஃபேன் பெரும்பாலும் சும்மா கிடக்கும். இது வீண் செலவாச்சே என்ற கடைக்காரரிடம், அது வேர்க்காமல் வேலை பார்க்க வேண்டும் என்றாள். கிராபிக்ஸ் கார்டில் கஞ்சத்தனமே காட்டவில்லை. வெயில் நிழல் மொத்தமும் அதன் தலையில்தான் விழப்போகிறது.

எல்லாம் பார்த்தவள், இவை அத்தனையையும் உள்ளே வைத்துப் பூட்டும் கேபினெட்டில் சறுக்கினாள். உட்புறம் முழுக்க நுரைப்பஞ்சு ஒட்டி, முன்பக்கம் கதவு போட்டு மூடிய ஒன்றை ஆசை ஆசையாக எடுத்தாள். கூச்சலை உள்ளேயே போட்டு அடைத்துவிடலாம் என்ற நினைப்பு. யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

பூட்டி ஓட்டிய அன்று, ஆரம்பத்தில் சொர்க்கம்தான். படத்துக்கு வெயில் ஏற்றத் தொடங்கியதும் உள்ளே சூடு கூடியது. சூடு கூடக் கூட ஃபேன்கள் வெறி பிடித்த மாதிரி சுற்றின. பழைய பெட்டியே தேவலாம் என்று ஆகிவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித்தான் கிடந்தார். ஆனால் போர்வைக்கு வெளியே கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது.

"நடிக்காதீங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இவ்ளோ ஆசையா செஞ்சிருக்கே. எப்படிச் சொல்லுவேன்?"

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "நீங்க வாய மூடிக்கிட்டுக் கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்? ராத்திரி மறுபடி வண்டில ஏறணும் நீங்க."

கெஞ்சியும் மிரட்டியும் அன்றைக்கு அவரை லீவு போட வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பெட்டியோடு மல்லுக்கு நின்றாள். ஃபேன் வேகத்தைக் குறைத்துப் பார்த்தாள். சூடு இன்னும் ஏறியது. கடைசியில் எரிச்சலில் முன்கதவைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் இறங்கத் தொடங்கியது. நிஜமாகவே இறங்கியது. அந்தக் கதவும் பஞ்சும் அடைத்தது சத்தத்தை அல்ல, காற்றை. மூச்சு முட்டித்தான் பெட்டி கத்தியிருக்கிறது. அடச்சே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே கேபினெட்டோடு வாசலில் நின்றாள். பிரித்த சாமானை எப்படித் திரும்ப எடுப்பது என்று முனகிய கடைக்காரர், இவள் அசைவதாக இல்லை என்று தெரிந்து மாற்றிக் கொடுத்தார். இந்த முறை முன்பக்கம் முழுக்கச் சல்லடைக் கண். கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்தையும் கொஞ்சம் குறைத்து வைத்தாள். படம் சற்றுத் தாமதமாகும், ஆனால் சூடு நன்றாகவே குறையும்.

அடுத்து அவர் வண்டி ஓட்டிவிட்டு வந்து படுத்த காலையில், இருப்பதிலேயே பெரிய படத்தை ஓடவிட்டாள். வெளிச்சம் அவர் கண்ணில் படக்கூடாதென்று திரையை அணைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் எழுந்தபோது ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. இருண்ட திரையையும் சும்மா உட்கார்ந்திருந்த இவளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"நிறுத்திட்டியா?" என்றார். "தங்கச்சி பேச்சக் கேட்டு எனக்காக வேலைய விட்டுட்டியா?"

இவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, உள்ளங்கையைப் பெட்டியின் பின்பக்கம் விரித்துக் காட்டினாள். வெதுவெதுப்பான காற்று கையில் வந்து மோதிக்கொண்டே இருந்தது. அவர் கையை எடுக்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"காலையிலேர்ந்து ஓடுது" என்றாள். "போங்க, போய் முகத்தக் கழுவுங்க. பஸ்சுக்கு ஆளுங்க வந்துடுவாங்க."