ஐந்தாம் பிரிவேளை

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியைக்கு எத்தனை பக்கம் இடி என்று யாரும் எண்ணிச் சொன்னதில்லை. மேலே அதிகாரிகள், வாசலில் பெற்றோர், அறைக்குள் ஆசிரியர்கள், இவர்களுக்கு நடுவே குரல் உடையத் தொடங்கிய வயதில் முந்நூறு பிள்ளைகள்.

கணக்கம்மா அந்த நாற்காலிக்கு வந்து எட்டு மாதமாகிறது. இதே பள்ளியில் பதினெட்டு வருஷம் கணக்கு நடத்தியதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. பதவி உயர்ந்தும் பெயர் மாறவில்லை. அதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

சந்தோஷங்கள் வேறும் இருந்தன. பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுகளுக்கு ஒரு வழியாகத் தாழ்ப்பாள் வந்தது. படிப்பை நிறுத்திவிட்ட ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணை மூன்று முறை வீட்டுக்கே போய்ப் பேசி அழைத்து வந்தாள். அந்தப் பெண் இப்போது காலைக் கூட்டத்தில் கணீரென்று செய்தி வாசிக்கிறது. கேட்கும்போது கணக்கம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். நிறைந்ததை யாரிடம் போய்க் கொட்டுவது என்பதுதான் தெரியவில்லை.

முன்பெல்லாம் அதற்கு அறிவியல் டீச்சர் இருந்தாள். இருவருக்கும் ஐந்தாம் பிரிவேளை ஓய்வு. ஆசிரியர் அறையின் ஜன்னலோரம், ஒரு ஃபிளாஸ்க் டீ. மூடி ஒருத்திக்கு, டம்ளர் இன்னொருத்திக்கு. பேச்சில் வாடி போடிதான். பழைய தலைமையாசிரியர் நடப்பதுபோல் அறிவியல் டீச்சர் நடந்து காட்டினால் கணக்கம்மாவுக்கு டீ புரையேறும்.

பதவியேற்ற அன்று வழக்கம்போல டிபன் பாக்ஸோடு ஆசிரியர் அறைக்குப் போனாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த சிரிப்பு பட்டென்று நின்றது. இரண்டு பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். மறுநாள் தன் அறையிலேயே சாப்பிட்டாள். வீட்டில் குறைப்பட்டால் கணவர், "எங்க ஆபீஸ்ல மேனேஜர்கூட சேர்ந்து யாரும் சாப்பிட மாட்டோம். இதுல என்ன இருக்கு?" என்று பேப்பரைப் புரட்டினார். அந்த மேனேஜர் என்ன செய்கிறார் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அறிவியல் டீச்சர் மட்டும் சில நாள் ஃபிளாஸ்கோடு தலைமையாசிரியை அறைக்கு வந்தாள். அப்போதுதான் வராந்தாவில் ஓவிய ஆசிரியர் சொன்னது கணக்கம்மாவின் காதில் விழுந்தது: "இனிமே வேண்டப்பட்டவங்களுக்கு வேலையே இருக்காது!"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை விட்டுத் தள்ளியிருக்கலாம். கணக்கம்மாவால் முடியவில்லை. யாராவது விடுப்பு எடுத்தால், ஓய்வாக இருக்கும் ஆசிரியர் ஒருவரை அந்த வகுப்புக்கு அனுப்ப வேண்டும். தலைமையாசிரியை அதை மாற்றுப்பணி நோட்டில் எழுதுவாள். பியூன் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வருவார். அன்றிலிருந்து ஐந்தாம் பிரிவேளையில் எந்த வகுப்பு காலியானாலும் அவள் பேனா அறிவியல் டீச்சரின் பெயரைத்தான் எழுதியது. ஃபிளாஸ்க் வருவது நின்றது. 'டி' போய் 'மேடம்' வந்தது.

இன்று காலை மேஜைமேல் ஒரு விண்ணப்பம் கிடந்தது. அறிவியல் டீச்சர் இடமாறுதல் கேட்டிருந்தாள். காரணம்: குடும்பச் சூழ்நிலை. அவள் வீடு இங்கிருந்து இரண்டு தெரு. கேட்டிருக்கும் பள்ளிக்கோ இரண்டு பஸ் மாற வேண்டும்.

கணக்கம்மா மாற்றுப்பணி நோட்டை எடுத்து எண்ணினாள். மற்றவர்களுக்கு நான்கு, ஐந்து. அறிவியல் டீச்சருக்குப் பதினேழு. நடுநிலை தவறக் கூடாது என்று பயந்து பயந்து, ஒரே ஒருத்தியிடம் மட்டும் தவறியிருக்கிறாள். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு எட்டு மாதமாகக் கண்ணில் படவில்லை.

இன்றும் ஐந்தாம் பிரிவேளையில் ஏழாம் வகுப்பு காலி. நோட்டில் தன் பெயரையே எழுதிக்கொண்டு சாக்பீஸோடு போனாள். பின்னங்கள். முதலில் விறைத்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பத்து நிமிடத்தில், "மிஸ், நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று கத்தினார்கள். கை முழுக்கச் சுண்ணாம்புப் பொடி. எட்டு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மணியடித்து வெளியே வந்தபோது அறிவியல் டீச்சர் ஃபிளாஸ்கோடு நின்றிருந்தாள். இருவரும் தலைமையாசிரியை அறைக்கு வந்தார்கள்.

"பதினேழு தடவை," என்றாள் கணக்கம்மா. "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்கன்னு பயந்துட்டேன். தப்புதான். இனிமே அந்த பீரியட் உனக்கு ஓய்வு."

"எனக்கு மட்டும் ஓய்வு குடுத்து என்ன பண்றது மேடம்? இப்பதான் தனியா உட்கார்ந்து பார்த்துட்டு வரேன். டீ உள்ள இறங்கல."

"லெட்டரைத் திரும்ப வாங்கிக்கயேன்."

"வேலைக்கு நான் பயப்படல. என் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாம, நோட்டைப் பியூன்கிட்ட குடுத்து விட்டீங்களே, அதுதான் தாங்கல. அங்க தலைமையாசிரியை யாரோ ஒருத்தங்க. நோட்டு வந்தாலும் வலிக்காது."

கணக்கம்மா விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். இன்னொரு முறை கெஞ்சினால் அவள் இருந்துவிடுவாள், தினமும் வலித்துக்கொண்டே இருப்பாள் என்று தோன்றியது. 'பரிந்துரைக்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கையிலிருந்த பொடி தாளில் ஒட்டியது. முத்திரையையும் குத்தினாள்.

அறிவியல் டீச்சர் தாளை மடித்துப் பையில் வைத்தாள். ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கோப்புகளைத் தள்ளி மேஜைமேல் வைத்தாள்.

"ஆறிடப் போகுது. குடிடி," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வகுப்புக்குப் போனாள்.

கணக்கம்மா மூடியை இரண்டு கையாலும் எடுத்தாள். கண்ணீர் மறைத்தது. வாசலில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா, "மேடம், வரலாமா?" என்றார். ஒரே மடக்கில் குடித்து முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்க," என்றாள்.