ம் கொட்டும் வீடு

அந்தத் தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகிற சீருடையில் பாதிக்கு மேல் அவள் கையால் தைத்தது. பெரியவர்கள் அவளைத் தையல்காரம்மா என்றார்கள். பிள்ளைகளுக்கு அவள் மிளகம்மா. மிளகு அவளுடைய ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. ஆள் பொடிசு, வாயைத் திறந்தால் காரம். அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் லாரி ஓட்டுகிற அப்பன். வைத்தவனே அவள் வாய்க்குப் பயந்துதான் வீட்டுக்குள் நுழைவான்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகள் பள்ளியில் வாசித்தால் மட்டும் போதாது, வீட்டிலும் தினம் கொஞ்ச நேரம் சத்தமாக வாசிக்கட்டும், யாராவது உட்கார்ந்து கேளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தையல்காரம்மா பின்வரிசை. அளவெடுக்க எண்கள் தெரியும், பில்லில் கையெழுத்துப் போடத் தெரியும், வரி வாசிக்க வராது. ஆனாலும் எழுந்து கேட்டுவிட்டாள்.

"படிக்கத் தெரியாதவங்க என்ன டீச்சர் பண்றது?"

"நீங்க படிக்க வேணாம்மா. பக்கத்துல இருந்து ம் கொட்டுங்க, அது போதும். கேக்க ஒரு ஆள் இருக்குன்னு தெரிஞ்சா புள்ளை தானா படிக்கும்."

அதை அவள் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து பள்ளி விட்டதும் மிளகு தையல் மிஷினுக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, வெட்டுத்துணி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். அம்மா மிஷினை மிதிக்க, மகள் வாசிப்பாள். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு "ம்" விழவேண்டும். விழாவிட்டால் வாசிப்பு நின்றுவிடும்.

"கேக்கறியா, இல்ல தச்சிக்கிட்டிருக்கியா?"

"ரெண்டுந்தான்டி."

அப்படியானால் கழுதை இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லு பார்க்கலாம் என்பாள். தப்பாகச் சொன்னால் தொலைந்தது, முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள்.

அது ஒரு கழுதையின் கதை. உச்சிவெயிலில் குனிந்து பார்த்த கழுதை தன் நிழலைக் காணோமென்று தேடிக் கிளம்புகிறது. பள்ளி நூலகத்தில் எடுத்த புத்தகம், அட்டை பிய்ந்து டேப் ஒட்டியது. மிளகுக்கு அதில் கொள்ளை ஆசை. கழுதைக்கு ஒரு குரல், கோழிக்கு ஒரு குரல், கிணற்றுக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றிப் பேசுவாள். ஒரு குரல் சரியாக வராவிட்டாலும் மறுபடி முதல் பக்கம். அதனால் கதை நகரவே நகராது. ஆற்றங்கரைக்கு வந்த கழுதை படகுக்காரனிடம் "என் நிழலைப் பார்த்தீர்களா?" என்று கேட்கிற இடம் வரைக்கும்தான் வந்திருந்தார்கள். அந்த இடத்தில் மிளகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தலை வலிக்கிறதென்று அம்மாவின் மடியில் சாய்ந்தாள். நெற்றி கொதித்தது.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. டாக்டர்கள் பார்க்காமல் விடவில்லை. இவர்கள் தூக்கிக்கொண்டு ஓடாமலும் இல்லை. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அப்பன் தொலைதூர லோடாகப் பார்த்து ஏற்றிக்கொண்டு போனான். அவள் கொஞ்ச காலம் மிஷினைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள். பிறகு பள்ளி திறக்கும் காலம் வந்தது. சீருடைத் துணிகள் வந்து குவிந்தன. உட்கார்ந்துதான் ஆகவேண்டும். முதல் சட்டைக்குத் தோளை இணைத்துத் தைத்து, நூலைக் கத்தரித்து, நிமிர்ந்தாள். அவள் வாயிலிருந்து தானாக ஒரு "ம்" வந்தது.

எதற்கு என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது. சுவரோரத்தில் வாசிப்பு நடந்துகொண்டிருக்கிறது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. பக்கத்து அறையில் யாரோ வாசித்தால், என்னவென்று புரியாவிட்டாலும் அது பேச்சு இல்லை, வாசிப்பு என்று அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே காது கண்டுபிடித்துவிடுமே, அப்படி. மிஷினை நிறுத்தினால் அது நின்றுவிடும். மிதித்தால் மறுபடி தொடங்கும். வரி முடிகிற இடம் அவளுக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் "ம்" சொல்லாமல் இருந்து பார்த்தாள். யாரோ பதிலுக்காகத் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. சொல்லிவிட்டாள்.

துணி வாங்க வந்த எதிர்வீட்டுக்காரி அதை வாசலில் நின்று கேட்டாள். அவ்வளவுதான், பேச்சுக்குக் கண் காது முளைத்துத் தெருவெல்லாம் பரவிவிட்டது. அளவுச் சட்டையைக் கொடுத்துவிட்டு நின்று நாலு வார்த்தை பேசிப்போகிறவர்கள், படியிலேயே வைத்துவிட்டு நழுவினார்கள். மிளகம்மா என்று கூப்பிடுவதைப் பிள்ளைகள் விட்டார்கள். அவள் வீட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு ஓடி வருகிறவன்தான் வீரன் என்று அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டாயிற்று. அவளுக்குத் தெரியும். திட்டவில்லை. மிளகு இருந்திருந்தால் முதல் ஆளாகத் தொட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

லோடு இறக்கிவிட்டு வந்த புருஷன் ஒரு மத்தியானம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"யாருகிட்ட பேசற?"

"பேசல. கேக்கறேன்."

அவன் வாசலிலிருந்தே திரும்பிப் போனான். அதன் பிறகு ஊருக்கு வந்தாலும் லாரியிலேயே படுத்துக்கொண்டான். சாப்பிட மட்டும் வந்தான். மிஷின் இருக்கும் அறைக்குள் கால் வைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். மிளகின் வகுப்பு, அவளுக்குப் பக்கத்து இடம். பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே நின்று நின்று கிளம்புவதால் வகுப்பில் அவளுக்கு ரயில் என்று பெயர். வாசிக்கச் சொல்லி டீச்சர் எழுப்பினால் கடைசிப் பெஞ்சில் யாராவது கூ என்று ஊதுவார்கள். வீட்டில் அம்மா சலவைக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிறவள். இவள் வாயைத் திறந்ததுமே "சீக்கிரம் சொல்லித் தொலை" என்பாள். பொல்லாதவள் இல்லை. கால் வலி அப்படி.

ரயில் ஜன்னலைத் தொட்டுவிட்டு ஓடவில்லை. கதவைத் தட்டினாள்.

"ம-ம-மிளகம்மா."

அந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலம். தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"நீங்க ஒ-ஒண்ணுமே இல்லாததுக்கு ம் சொல்றீங்களாமே. அப்ப நான் ப-படிச்சா சொல்வீங்களா?"

உள்ளே வா என்றாள். அந்தப் பெண் சுவரோரம் கிடந்த துணி மூட்டையைப் பார்த்தாள், பிறகு மிளகின் அம்மாவைப் பார்த்தாள், தானாகவே அதை விட்டு ஒரு முழம் தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அது ஒன்றே போதும் என்று தோன்றிவிட்டது தையல்காரம்மாவுக்கு.

பாடப் புத்தகத்தில்தான் ஆரம்பித்தார்கள். ஒரு வரிக்கு ஒரு கால்சட்டையின் பக்கம் தைத்து முடித்துவிடலாம், அவ்வளவு நேரம் பிடித்தது. ஆனால் யாரும் ஊதவில்லை. யாரும் அவளுக்காகச் சொல்லை முடித்துக் கொடுக்கவில்லை. வரி வந்து சேரும்வரை மிஷின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். சேர்ந்ததும் ஒரு "ம்".

ஒருநாள் ரயிலின் கண் அலமாரி மேல் போயிற்று. கழுதைப் புத்தகம் அங்கே இருந்தது. டீச்சர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. எ-எடுக்கட்டுமா என்றாள். தையல்காரம்மா தலையை ஆட்டிவிட்டாள்.

"ஒரு ஊரில் ஒரு க-க-க..."

"கழுதை இருந்தது." படபடவென்று, கொஞ்சம் எரிச்சலோடு, சுவரோரத்திலிருந்து வந்தது அந்தக் குரல். இத்தனை நாள் வெறும் இழுவையாகக் கேட்டது, இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. திக்குகிற பிள்ளை எங்கே நிற்கிறாளோ அங்கே மற்றவள் அரை அடி முன்னால் ஓடினாள். கோழிக்குக் கோழிக் குரல், கிணற்றுக்குக் கிணற்றுக் குரல். தையல்காரம்மாவின் கண்ணில் நீர் கொட்டியது. ரயில் கதைக்காக அழுகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் நிதானமாக வாசித்தாள்.

ஆற்றங்கரை வந்தது. படகுக்காரனிடம் கழுதை கேட்டது.

"போதும் கண்ணு. நாளைக்கு மறுபடி மொதல்லேருந்து."

மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும். மழைக்காலம் முழுக்க அந்தக் கழுதை ஆற்றங்கரை வரை வந்து வந்து திரும்பியது. அப்புறம் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று ரயில் ஒருமுறை கேட்டாள். வேண்டாம் என்றாள் இவள். முகம் கடுத்துவிட்டது. பிள்ளை அடங்கிப்போனாள்.

ஆனால் எந்தப் பிள்ளை பொறுக்கும்? ஒரு சாயங்காலம் "போதும்" என்று இவள் சொன்ன பிறகும் ரயில் பக்கத்தைப் புரட்டினாள். "ப-படகுக்காரர் சிரித்தார்" என்று வாசித்தாள்.

தையல்காரம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். திக்குகிற குரல் மட்டும்தான் இருந்தது. மற்றது இல்லை. அந்த வரியை மிளகு வாசித்ததே இல்லை.

புத்தகத்தைப் பிடுங்கினாள். "எழுந்து போ. இங்க வராத."

ரயில் போய்விட்டாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. இவள் மிஷினை மிதித்தாள், நிறுத்தினாள், மிதித்தாள். சுவரோரம் சுவரோரமாகவே இருந்தது. ஒரு முணுமுணுப்பு, ஒரு இழுவை, எதுவும் இல்லை. புடவை மடிக்கிற சத்தம்கூட வீட்டுக்குள் பெரிதாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் உடம்பைக் கையில் கொடுத்தபோது இல்லை, அன்றைக்குத்தான் தன் மகள் செத்துப்போனதாக அவளுக்குப் பட்டது.

தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போகிற சாக்கில் பள்ளிக்குப் போனாள். மூட்டைக்குள் கழுதைப் புத்தகமும் இருந்தது. நாலாம் வகுப்பில் வாசிப்பு நேரம். பிள்ளைகளோடு டீச்சரும் மேல் வகுப்புக்கு வந்திருந்தார். ரயில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, வெளியே வரமுடியாமல் தவித்தாள். பின்பெஞ்சில் கூ என்றார்கள். டீச்சர் அதட்டினார். பிள்ளை எப்படியோ அந்த வரியை இழுத்துக் கொண்டுவந்து முடித்தாள்.

"ம்" என்றது வாசல்.

வகுப்பே திரும்பியது. ஜன்னலைத் தொட்டு ஓடிய வீரர்களுக்கெல்லாம் முகம் வெளுத்துவிட்டது. மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறவளை ரயில் பார்த்தாள். குனிந்து அடுத்த வரியை வாசித்தாள். அதற்கும் ஒரு "ம்" வந்தது. பக்கம் முடியும்வரை வகுப்பில் வேறு சத்தமே எழவில்லை.

வராந்தாவில் வைத்து டீச்சர், வாசிப்பு நேரத்துக்கு வாரம் ஒருநாள் வந்து உட்கார முடியுமா, இங்கே பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லை என்றார். இவள் தையல் கிடக்கிறது என்றாள். பிறகு, பிள்ளைகளை வேண்டுமானால் வீட்டுக்கு அனுப்புங்கள், மிஷின் ஓடும், பரவாயில்லையென்றால் வரட்டும் என்றாள். பக்கத்தில் வந்து நின்ற ரயிலிடம் குனிந்தாள்.

"கழுதைக்கு என்ன ஆச்சு?"

"நீங்கதான் வே-வேணாம்னீங்க."

"இப்ப வேணும்."

அன்று சாயங்காலம் கதை ஆற்றைத் தாண்டியது. படகுக்காரன் சிரித்துவிட்டு, களைத்துப்போயிருக்கிறாய், ஏறிக் கொஞ்சம் தூங்கு என்கிறான். கழுதை விழிக்கும்போது சாயங்காலம். படகைவிடப் பெரிதாக நிழல் நீண்டு கிடக்கிறது. கழுதை துள்ளிக் குதிக்கிறது. படகுக்காரனோ, இரண்டு பேர் ஏறியிருக்கிறீர்கள், இரண்டு பேருக்கும் கூலி எடு என்கிறான். அவ்வளவுதான் கதை.

தையல்காரம்மா சிரித்துவிட்டாள். இத்தனை பயந்தது இதற்கா. சிரித்து முடித்துவிட்டுச் சுவரோரம் பார்த்தாள், காத்திருந்தாள். அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ரயில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, வே-வேற புத்தகம் கொண்டாரட்டுமா என்று கேட்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். முதலில் பயந்து பயந்து இரண்டு பேர், பிறகு கால் வைக்க இடமில்லாமல். எழுத்துக் கூட்டுகிறவர்கள், வரியை விழுங்குகிறவர்கள், படம் மட்டும் பார்த்துக் கதை விடுகிறவர்கள். யாராயிருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். சில வீடுகளில் அம்மாக்களும் பாத்திரம் தேய்த்தபடியே ம் கொட்டப் பழகிக்கொண்டார்கள். ரயிலுக்குத் திக்கல் போகவில்லை. ஆனால் எழுந்து நின்றால் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

கழுதைப் புத்தகத்தைத் தையல்காரம்மா டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தக் குரல் மாதக்கணக்கில் வரவில்லை. பிறகு ஒருநாள், பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, மிஷினில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது. அதன் பிறகு எப்போது வரும், எப்போது வராது என்று ஒரு கணக்கும் இல்லை. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

புருஷன் ஒரு விடுமுறை நாளில் வாசலில் வந்து நின்றான். உள்ளே பிள்ளைகள் யாரும் இல்லை. அவள் தைத்துக்கொண்டிருந்தாள், இடையில் "ம்" என்றாள்.

"இன்னும் கேக்குதா?"

"எப்பவாவது."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மகள் போனதிலிருந்து அவன் வாயில் அவள் பேச்சு வந்ததே இல்லை.

"என்ன படிக்கிறா?"

அவள் மிஷினை நிறுத்தாமல் காது கொடுத்துக் கேட்டாள்.

"கழுதைக் கதை இல்ல. வேற ஏதோ. எனக்குத் தெரியாத கதை."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரோரம் அந்த மூட்டையை ஒட்டி உட்கார்ந்தான்.